வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

நம் நாளிதழ்களின் உட்பக்கங்களில் நான்கு வரிகளுக்கு மேல் இடம் பெறாத ஒருவகைச் செய்தி உண்டு. “வீதியைக் கடக்க முற்பட்ட பெண்ணொருவர் வாகனத்தில் மோதுண்டு உயிரிழந்தார்” என்பது அதன் பொது வடிவம். இது ஏதேனும் ஓர் இதழிலிருந்து எடுத்த வாக்கியமன்று. அவ்வகைச் செய்திகள் அனைத்துக்கும் பொருந்தும் அச்சாக நாமே அமைத்துக் கொண்டது. ஆயினும், மலையகத்தில் வாழும் எவரும் இதனைப் பலமுறை படித்திருப்பர். படித்தவுடன் ‘ஐயோ பாவம்’ என்று அடுத்த செய்திக்குச் சென்றும் இருப்பர்.

தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இந்த வாக்கியத்தைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். எழுவாய் யார்? இறந்துபோன பெண். வாக்கியத்தில் ஏதேனும் ஒரு செயலைத் தானாக முனைந்து செய்தவர் யார்? அவளேதான், ‘கடக்க முற்பட்டவள்’ அவள். ‘வாகனத்தில்’ என்னும் சொல்லில் நிற்பது ஏழாம் வேற்றுமை உருபு. ஆகவே வாகனம் ஓடி வந்து மோதிய பொருளாகத் தோன்றவில்லை. நெடுங்காலமாக அங்கேயே கிடக்கும் பாறையைப் போல, இடப்பொருளில் அசையாது நிற்கின்றது. வண்டியை ஓட்டியவரோ வாக்கியத்தில் இல்லவே இல்லை. வீதி இருக்கிறது, ஆனால் கடக்கப்படும் பொருளாக மட்டுமே இருக்கிறது. அதன் அகலம் எவ்வளவு, நடப்பதற்கு அதில் இடமுண்டா, விளக்குண்டா, வளைவுக்கு அப்பால் வருவது தெரியுமா என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரிய விபத்துகளின் செய்தியோ வேறு இலக்கணம் உடையது. அங்கே பஸ் ‘கட்டுப்பாட்டை இழந்து’ பள்ளத்தில் ‘பாய்கின்றது’. உயிரற்ற இயந்திரத்துக்குக் கட்டுப்பாடும் அதனை இழக்கும் ஆற்றலும் வழங்கப்படுகின்றன. சிறிய சாவில் செத்தவர் குற்றவாளி. பெரிய சாவில் இரும்பு குற்றவாளி. இரண்டிலும் வீதியை அமைத்தவர், அதற்குப் பணம் ஒதுக்கியவர், எவ்வளவு விரைவில் அதில் ஓடலாம் என்று தீர்மானித்தவர் ஆகியோர் வாக்கியத்துக்கு வெளியே பத்திரமாக நிற்கின்றனர்.

இவ்வாறு சொற்களைத் துருவிப் பார்ப்பது வேலையற்ற வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனமன்று. ஒரு சமுதாயம் தன் துயரத்தை எந்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்கின்றதோ, அந்த வாக்கியம் அனுமதிக்கும் பரிகாரத்தையே அது தேடும். ‘கடக்க முற்பட்டவள்’ என்று எழுதினால், கவனமாகக் கடக்கும்படி மக்களுக்கு அறிவுரை கூறுவதோடு கடமை முடிந்துவிடும். வீதியைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அந்த வாக்கியத்திலிருந்து பிறக்க வழியே இல்லை.

இனி, வீதியைப் பார்ப்போம். அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹற்றனுக்கு ஏறி, கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று நுவரெலியா வரை செல்வது ஏ-7 நெடுஞ்சாலை. விடிந்து ஒருமணி நேரத்துக்குள் இவ்வீதியின் ஏதேனும் ஒரு தோட்டத்து வளைவில் நின்று பாருங்கள். பிரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் செல்லும் பெண்கள் கூடையும் படங்கும் கொண்டு ஒருவர் பின் ஒருவராக வருவர். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் இருவர் மூவராகக் கைகோத்து வருவர். பால் போத்தலோடு ஒருவர், விறகுக் கட்டோடு ஒருவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய் ஒருத்தி. இவர்களுக்கு இடையே எப்போதாவது, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் ஏறியும் செல்லும் துவிச்சக்கர வண்டிக்காரர் ஒருவர். இத்தனை பேருக்கும் அந்த வீதி ஒதுக்கியுள்ள இடம் எது?

மலைவீதியின் உடலமைப்பை அறிந்தவர்களுக்கே இதன் விடை புரியும். ஒருபுறம் வெட்டிய மண்மேடு, மறுபுறம் பள்ளம். மேட்டுப்பக்கத்தில் மழைநீருக்கென வாய் திறந்த வடிகான். பள்ளத்துப் பக்கத்தில் தடுப்புக் கற்கள் அல்லது இரும்புத் தடுப்பு. இவற்றுக்கு நடுவே தார். தாரின் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு உள்ளே வாகனத்தின் உரிமை. கோட்டுக்கு வெளியே வடிகான். ஒருவர் இடையூறின்றி நடப்பதற்கு ஏறத்தாழ முக்கால் மீற்றர் இடம் வேண்டும். முதுகில் கூடையோடு நடப்பவருக்கு இன்னும் சற்று வேண்டும். பல இடங்களில் கோட்டுக்கும் கானுக்கும் இடையே ஒரு பாதம் வைக்கவே இடமில்லை. இரண்டு பஸ்கள் எதிரெதிரே விலகும் வேளையில் நடப்பவர் கானுக்குள் இறங்குகின்றார். பள்ளத்துப் பக்கம் நடப்பவருக்கு அந்த வசதியும் இல்லை. இரும்புத் தடுப்பு வாகனத்தைப் பள்ளத்திலிருந்து காக்கின்றது, அவரை வாகனத்தோடு சேர்த்து அடைத்து வைக்கின்றது. பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் இவை யாவும் பத்தடித் தூரத்துக்குள் நிகழ்கின்றன.

இந்த அமைப்பு தற்செயலானதன்று. மலையக வீதியின் வரலாறு தொடக்கத்திலிருந்தே சுமையின் வரலாறு. 1820களில் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டவர். வீதி எதற்காக வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பின்னர் புகைவண்டிப் பாதை 1867இல் கண்டியையும் 1884இல் ஹற்றனையும் அடுத்த ஆண்டு நானுஓயாவையும் அடைந்தது. பயிர் துறைமுகத்தை அடைவதே இவற்றின் நோக்கம். பயிரை வளர்த்தவர்களோ தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காடுகளின் ஊடே கால்நடையாக வந்தனர்; வழியிலேயே மாண்டோர் பலர். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நாம் அறிவோம். முன்னோர் நடந்த வழியில் நாமும் நடந்து அவர்களுக்கு அஞ்சலி செய்தோம். நன்று. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பாடசாலைக்கு நடக்கும் இரண்டு மைல் பற்றி நாம் என்ன செய்தோம்?

இந்தக் கேள்வி நம் இலக்கியத்துக்கும் உரியது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் ஊரை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் துயரத்தைச் சொல்லின. பின்வந்த மலையகப் படைப்பாளிகள் லயத்தையும் கொழுந்து மலையையும் கங்காணியின் கொடுமையையும் உள்ளிருந்தே எழுதினர். இவை நம் முற்போக்கு இலக்கியத்தின் பெருமைக்குரிய பக்கங்கள். எனினும், வந்து சேர்ந்த வழிக்கு நம் எழுத்து அளித்த இடத்தை, நாள்தோறும் நடக்கும் வழிக்கு அது அளிக்கவில்லை என்பதே நம் எண்ணம். நம் மாணவர் கட்டுரைகளிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே வீதி ‘பச்சைக் கம்பளத்தின் நடுவே வளைந்தோடும் கரும்பாம்பு’ ஆகிவிடுகின்றது. இது காரின் கண்ணாடி வழியே பார்ப்பவனின் உவமை. கானில் இறங்கி நிற்பவளின் உவமையன்று. அதற்கு மதிப்பெண் போடுபவர்கள் நாமே.

அண்மைக் காலத்தில் இவ்வீதிகள் பெரிதும் ‘அபிவிருத்தி’ செய்யப்பட்டுள்ளன. குண்டும் குழியுமாய்க் கிடந்த இடங்களுக்குக் காபட் இடப்பட்டது. இதனை நாம் குறை கூறவில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை லொறியில் ஏற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுசென்ற காலத்தை மறந்தவர்கள் மட்டுமே நல்ல வீதி வேண்டாம் என்பர். நம் குற்றச்சாட்டு வேறு. வீதி திருந்தியபோது திருந்தியது அதன் நடுப்பகுதி மட்டுமே. விளிம்பு பழையபடியே கிடக்கின்றது. குழிகள் இருந்த காலத்தில் அவையே வாகனத்தின் விரைவைக் கட்டுப்படுத்தின. குழிகளை மூடியவர்கள் அவை செய்துவந்த காவலுக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. வழவழப்பான தாரில் வண்டி விரையும். வடிகானும் நடப்பவரும் இருந்த இடத்திலேயே இருப்பர்.

விரைவு என்பது என்ன? ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு தடையை மிதிக்க ஒரு விநாடி ஆகின்றது என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வண்டி அந்த ஒரு விநாடியில் 8 மீற்றர் ஓடிவிடும். 60 கிலோமீற்றரில் வருவது 17 மீற்றர் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் இரட்டிப்பதில்லை; நான்கு மடங்காகின்றது. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் இந்தச் சூத்திரம் வளைவில் நிற்கும் பிள்ளையின் விலா எலும்புக்கும் பொருந்தும். ஆகவேதான் 2020இல் ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டலாகாது என்று வற்புறுத்தியது. நம் நாட்டிலோ குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளுக்கே சட்டம் 50 வரை இடமளிக்கின்றது. லயத்து வாசலிலிருந்து இறங்கும் படிக்கட்டு நேரே தாரில் முடியும் இடத்தை எந்தப் பகுதியில் சேர்ப்பது?

உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இலங்கையில் ஆண்டுதோறும் சராசரியாக 38,000 வீதி விபத்துகள் நிகழ்ந்தன. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். 8,000 பேர் படுகாயமுற்றனர். நாளொன்றுக்கு எட்டுச் சாவுகள்! இவற்றுள் ஒரு சிலவே நம் நினைவில் நிற்கின்றன. 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயாவுக்கு அருகே ரதல்லைக் குறுக்கு வீதியில், மாணவரை ஏற்றி வந்த சுற்றுலாப் பஸ் ஒன்று வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்தனர். அதன்பின் அவ்வீதியில் கனரக வாகனங்கள் தடுக்கப்பட்டன. 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதெல்லாம் அறிக்கைகள் வெளிவந்தன. ஒவ்வொருவராகச் சாகும் நடையாளர்களுக்கோ எந்தக் குழுவும் அமைவதில்லை. ஏழு பேர் ஒருங்கே இறந்தால் ஒரு வீதியின் விதி மாறுகின்றது. ஏழு பேர் ஏழு மாதங்களில் ஏழு வளைவுகளில் இறந்தால் நான்கு வரிச் செய்தி ஏழுமுறை வெளிவருகின்றது, அவ்வளவே.

விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோமே என்று பொறியியலாளர் சொல்லக்கூடும். கோடு எவ்வளவு காக்கும் என்பதைச் சைக்கிளோட்டிகளைக் கொண்டு அளந்து பார்த்த நாடுகள் உள்ளன. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 60 சைக்கிளோட்டிகளின் வண்டிகளில் கருவி பொருத்தி, 18,000க்கும் மேற்பட்ட தடவைகள் வாகனங்கள் அவர்களை எவ்வளவு தூரத்தில் முந்திச் சென்றன என்று கணக்கிட்டனர். 2019இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. சைக்கிளுக்கெனக் கோடு மட்டும் தீட்டிய வீதிகளில், கோடே இல்லாத வீதிகளைவிட, வாகனங்கள் சராசரியாக 27 சென்ரிமீற்றர் நெருங்கிச் சென்றன. காரணம் எளிது. கோடு இல்லாதபோது ஓட்டுநர் மனிதனைப் பார்த்து விலகுகின்றார். கோடு இருக்கும்போது கோட்டைப் பார்த்து ஓட்டுகின்றார்; தம் கோட்டுக்குள் தாம் இருப்பதால் கடமை முடிந்தது எனக் கருதுகின்றார். மனிதனைக் காப்பது வர்ணமன்று. அவனுக்கும் வாகனத்துக்கும் இடையே நிற்கும் திடப்பொருளும் வாகனத்தின் வேகக் குறைவுமே காக்கும்.

‘மலையில் சைக்கிள் எதற்கு? நம் வாழ்வோடு ஒட்டாத பேச்சு’ என்று இங்கே சிலர் குறுக்கிடலாம். ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது எளிதன்று என்பதை நாமும் அறிவோம். ஆயினும், 2022இல் எரிபொருள் இல்லாது நாடே நின்றபோது சைக்கிளின் மதிப்பை அனைவரும் உணர்ந்தோம்; போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் அதனை முன்பே உணர்ந்திருந்தது. தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, உழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஏறினர்; அடுத்த ஊருக்குப் போக ஓர் ஆணின் துணையை எதிர்பார்த்து நின்ற நிலை அவர்களுக்கு மாறியது. நுவரெலியாவின் ஏரிக்கரைச் சமவெளியிலும், நோர்வூட்டை நோக்கி இறங்கும் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலும் ஒரு மாணவி சைக்கிளில் செல்ல விரும்பினால் அவளைத் தடுப்பது மலையன்று, வீதியின் விளிம்புதான். நடப்பவருக்கு இடமில்லாத வீதியில் சைக்கிளுக்கும் இடமில்லை. நடப்பவருக்கென விளிம்பைத் திருத்தினால் இருவரும் பயனடைவர்.

அப்படியாயின் திருத்த வேண்டியவர் யார்? இக்கேள்வியைக் கேட்டவுடன் மலையகத்தின் பழைய நோய் வெளிப்படுகின்றது. நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அதிலிருந்து பிரிந்து லயங்களுக்கு ஏறும் பாதை தோட்டத்தினுடையது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. உள்ளூர்ப் பாதைகளைப் பேணவேண்டிய பிரதேச சபைக்கோ, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் பணம் செலவிடத் தடையாய் நின்றது. அம்மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த சபை அம்மக்களின் பாதையில் ஒரு கல்லைப் புரட்டவும் தயங்கிய நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, பழக்கம் அதே வேகத்தில் திருந்தவில்லை. மூன்று உரிமையாளர்கள் சந்திக்கும் இடத்தில், அதாவது தோட்டப்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் அந்த மூலையில், யாருடைய பொறுப்பும் இல்லை. நம் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது அந்த மூலையில்தான்.

பழைய நாட்களில் தோட்டத்து மக்கள் தாமே தேயிலைக்கு ஊடாகக் குறுக்குப் பாதைகள் அமைத்திருந்தனர். அவை வழுக்கும், அட்டை கடிக்கும், குளவிக்கு அஞ்ச வேண்டும். ஆனால் அங்கே வாகனமில்லை. அவற்றுள் பல தூர்ந்து போயின. காடு மண்டிய மலைகளினூடே பெண்பிள்ளைகள் தனித்து நடக்கவும் அஞ்சுகின்றனர். ஆகவே கூட்டம் முழுவதும் தாருக்கு இறங்கியது. அந்தத் தாரோ அவர்களை எண்ணி வைக்கப்பட்டதன்று.

நம்மினும் செல்வம் படைத்த நாடுகளே இதனைச் செய்ய முடியும் என்ற சோர்வுக்கு இடமில்லை. சைக்கிளின் நாடு என்று இன்று புகழப்படும் ஒல்லாந்து, அறுபதுகளில் கார்களுக்காகத் தன் தெருக்களை அகற்றிய நாடுதான். 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே வீதியில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் 400க்கும் அதிகம். பாடசாலைக்குச் சைக்கிளில் சென்ற மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. விபத்து என்ற சொல்லை அவர் ஏற்க மறுத்தார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் பிள்ளைகளும் தெருவை மறித்தனர். வாகனத்திலிருந்து பிரிக்கப்பட்ட பாதைகள் சிறிது சிறிதாக வந்தன. இயற்கை அவர்களுக்குச் சமவெளியை அளித்தது உண்மை. பாதுகாப்பை அளித்தது இயற்கையன்று, போராட்டமே. அந்தப் போராட்டம் ஒரு சொல்லை மாற்றியதிலிருந்து தொடங்கியது என்பதைச் சொல்லோடு வாழும் நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருமழை மலையகத்தின் வீதிகளைப் பல இடங்களில் அறுத்தெறிந்தது. மண்சரிவில் மனிதர் புதைந்தனர். ஊர்கள் தனித்துப் போயின. இடிந்ததை மீண்டும் கட்டியே ஆகவேண்டும். எதனைக் கட்டுவது என்பதே கேள்வி. இருந்ததையே கட்டினால், இருந்த விளிம்பையும் சேர்த்தே கட்டுவோம். புதிதாக மதில் எழுப்பிக் கான் வெட்டும் வேளையிலேயே நடப்பவரின் இடத்தையும் அமைப்பது எளிது. பின்னர் அதற்கென மலையை மறுபடி வெட்ட எவரும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

மலையில் அகலம் இல்லை என்பது உண்மை. ஆனால் அகலம் கானுக்கு மேலே கிடக்கின்றது. துளையிட்ட, தூக்கித் துப்புரவு செய்யத்தக்க கொங்கிரீட் பலகைகளால் வடிகானை மூடினால் அதுவே நடைபாதை. பாடசாலை, லயம், பஸ் நிறுத்தம் ஆகிய மூன்றையும் இணைக்கும் தூரங்களில் முதலில் இதனைச் செய்யலாம். பள்ளத்துப் பக்கம் மண் இடம் கொடுக்குமிடங்களில், இரும்புத் தடுப்பை நடப்பவருக்கும் வாகனத்துக்கும் நடுவில் நாட்டலாம். வளைவின் மடியில் நிற்கும் பஸ் நிறுத்தங்களைக் கண்ணுக்குத் தெரியும் நேர்த்துண்டுக்கு மாற்றலாம். பாடசாலை வாசலிலும் லயங்களின் முன்னும் 30 கிலோமீற்றர் எல்லை வகுத்து, சமதளத் துண்டுகளில் கடவையை உயர்த்திக் கட்டலாம். தூர்ந்த குறுக்குப் பாதைகளுக்குப் படியும் விளக்கும் அமைக்கலாம். தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. ஒவ்வொரு சாவின் அறிக்கையிலும், இறந்தவர் என்ன செய்தார் என்பதோடு, அவர் நடக்க அங்கே எவ்வளவு இடமிருந்தது என்பதையும் அளந்து எழுதவேண்டும். இவற்றுள் எதுவும் வானத்தை வில்லாய் வளைக்கும் வேலையன்று.

ஆசிரியர்களாகிய நம் பங்கு யாது? நாம் கற்பிக்கும் ‘வீதி ஒழுங்கு’ப் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். வலப்பக்கமாக நட, இருபுறமும் பார், ஓடாதே, விளையாடாதே. எல்லாம் ஏவல் வினைகள். எல்லாம் பிள்ளையை நோக்கியவை. வீதியின் கடமை என்று ஒரு வரி இல்லை. பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் எச்சரிக்கையை மட்டும் கற்று வளரும் பிள்ளை, தன் தங்கை மோதுண்டு இறந்தால் தங்கையையே குறை சொல்லும். உரிமையைக் கற்காதவனுக்குத் துயரம் வரும்போது அதனை வைக்கும் இடம் தெரியாது.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் தந்த மாதிரி வாக்கியத்தை உயர்வகுப்பு மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதி, மாற்றி எழுதும்படி ஒருநாள் பணித்தோம். முதலில் தடுமாறினர். பின்னர் வாகனம் எழுவாயாயிற்று. ‘மோதுண்டு’ என்பது ‘மோதிக் கொன்றது’ ஆயிற்று. முடிவில் நாமும் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினோம்: “நடப்பதற்கு இடம் வைக்கப்படாத வீதியில், விரைந்து வந்த வாகனம் ஒன்று பெண்ணொருவரை மோதிக் கொன்றது.” வகுப்பு ஏற்றுக்கொண்டது. பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும் எழுந்தாள். நாள்தோறும் ஏழு வளைவு கடந்து நடந்து வருபவள் அவள். “சேர், ‘வைக்கப்படாத’ என்பது செயப்பாட்டுவினை. இடம் வைக்காதது யார்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது இலக்கணக் கேள்விதான், நாமே கற்பித்ததுதான். பெரிய மனிதரின் பெயரை மறைக்கச் செயப்பாட்டுவினை எவ்வளவு வசதியானது என்பதை, பிறர் வாக்கியத்தில் கண்டு சினந்த நாம், நம் வாக்கியத்தில் காணவில்லை. அவளுக்குரிய விடையில் அதிகார சபை வரும், கம்பனி வரும், பிரதேச சபை வரும், அவற்றைத் தட்டிக் கேளாது வாக்கை மட்டும் கேட்டு வாங்கிய தலைவர்கள் வருவர், கரும்பாம்பு உவமைக்கு மதிப்பெண் இட்ட நாமும் வருவோம். அந்த விடையை முழுமையாக எழுதி, அவரவர் பெயர் எழுவாயாக நிற்கும் மனுக்களாக்கி, பெற்றோரின் கையெழுத்தோடு பிரதேச சபையின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுசெல்வது என்று அன்று வகுப்பில் முடிவாயிற்று. மலையகத்தின் ஒவ்வொரு பாடசாலையும் தன் வாசலின் வளைவைப் பற்றி இத்தகைய ஒரு வாக்கியத்தை எழுதட்டும்.